உலக வாணிக மன்றும் ஒரு படுக்கை விரிப்பின் வழக்கும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் திண்ணையில் அமர்ந்திருந்தபொழுது, தறித்தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் எம்மை நோக்கி, "வாத்தியார் தம்பி, நம் துணி கடல் கடந்து போகிறது. போகிற இடத்தில் அவன் நினைத்தபடி வரி போடுகிறான். அவனைக் கேட்க ஒரு கோர்ட்டு உண்டா, இல்லையா?" என்று வினவினார். யாம், "உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்" என்றோம். "இது இலக்கண வாத்தியார் பேச்சு" என்று சொல்லி அவர் நகைத்தார், அருகிருந்தோரும் நகைத்தனர். ஆயினும் எம் விடை விளையாட்டன்று. அதனை விரித்துரைக்கக் கடமைப்பட்டோம் ஆதலின், அம்மன்றின் வரலாற்றை இவ்விதழில் எழுதப் புகுந்தோம். நெசவையே வாழ்வாகக் கொண்ட நம் மரபினர் இதனைப் பிறர் கதையெனக் கருதார் என்பது எம் துணிபு.

முறையிட இடமில்லாத காலத்தை முதலில் நினைவு கூர்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையினின்றும் பிற இந்தியத் துறைகளினின்றும் சென்ற அச்சடித்த பருத்தித் துணிகள் இங்கிலாந்து மக்களின் மனத்தைக் கவர்ந்தன. அந்நாட்டுப் பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் பிழைப்பிழந்தோம் எனக் கூக்குரலிட்டனர். 1700ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டசபை, அச்சடித்த இந்தியத் துணியை உள்நாட்டிற் பயன்படுத்தல் கூடாதென விலக்கியது. அதுவும் போதாமையால் 1719ஆம் ஆண்டில் இலண்டன் நெசவாளர் தெருவில் திரண்டு, அத்துணி அணிந்து சென்ற மகளிரின் ஆடைகளைக் கிழித்தனர். 1721ஆம் ஆண்டில் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தலையே தடுக்கும் சட்டம் பிறந்தது. 1774ஆம் ஆண்டுவரை அது நின்றது. அத்துணியை நெய்தோரும் சாயமிட்டோரும் யாரிடம் சென்று முறையிடுவர்? சட்டம் இயற்றிய நாடு வேறு. துணி நெய்த நாடு வேறு. இரண்டிற்கும் பொதுவாய் நின்று கேட்பார் ஒருவருமிலர்.

அந்த இலண்டன் நெசவாளரை யாம் முற்றும் பழிக்க ஒருப்படேம். அவர்தம் அடுப்பும் அணைந்துகொண்டுதான் இருந்தது. ஒரு தேயத்து நெசவாளன் உண்ண, மற்றொரு தேயத்து நெசவாளன் பட்டினி கிடத்தல் என்னும் இத்துன்பமே இவ்வரலாறு முழுவதிலும் ஊடும் பாவுமாக ஓடுவது.

பின்னர் நம் நாடே அயலார் ஆட்சிக்குட்பட்ட காலத்தில் நிலை இன்னும் இழிந்தது. 1896ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் வரும் பருத்தித் துணிமீது நூற்றுக்கு மூன்றரை சுங்கம் வைத்த அரசாங்கம், மான்செஸ்டர் ஆலை முதலாளிகளின் மனம் நோகாதிருத்தற்பொருட்டு, இந்திய ஆலைகளில் நெய்த துணிமீதும் அதே மூன்றரை விழுக்காட்டு வரியைச் சுமத்தியது. கைத்தறிக்கு அவ்வரி இல்லாதிருந்தமை ஒன்றே ஆறுதல். 1925ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அது நிறுத்தப்பட்டது. தன் நாட்டுத் துணிக்குத் தன் நாட்டிலேயே வரி கொடுத்தவன், அயல்நாட்டு வரியைப் பற்றி வாய்திறத்தல் எங்ஙனம்?

இனி உலக வாணிகத்திற்குப் பொது நெறி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் தோன்றிய வகையைக் கூறுவோம். 1930ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஐக்கிய அமெரிக்காவின் தலைவர் ஹூவர், சுமூட், ஹாலி என்னும் இருவர் பெயரால் வழங்கும் சுங்கச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியல் அறிஞர்கள் வேண்டாமென்று விண்ணப்பித்தும் பயன் விளையவில்லை. பிற நாடுகளும் பதிலுக்குப் பதில் சுங்கச் சுவர் எழுப்பின. 1932ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் ஆட்டவாவிற் கூடித் தமக்குள் சலுகையும் பிறர்க்குத் தடையும் வகுத்துக்கொண்டன. சில ஆண்டுகளுக்குள் உலக வாணிகத்தின் மதிப்பு மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது. வேலையின்மை பரவிற்று, அதன் பின்னே போர் வந்தது.

அப்போர் முடியுமுன்னரே, 1944ஆம் ஆண்டு ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்னும் இடத்திற் கூடினர். நாணயத்தைக் காக்க ஒரு நிதியமும், அழிந்த நாடுகளைக் கட்ட ஒரு வங்கியும் அங்கே உருக்கொண்டன. வாணிகத்திற்கு ஒரு நிறுவனம் மூன்றாவதாக எழவேண்டியிருந்தது. அதன்பொருட்டு 1946ஆம் ஆண்டில் இலண்டனிலும், 1947ஆம் ஆண்டில் ஜெனிவாவிலும் ஆராய்ச்சி நடந்து, முடிவில் கியூபா நாட்டு ஹவானாவில் 1947 நவம்பர் தொடங்கி 1948 மார்ச்சுவரை பெருமாநாடு கூடியது. 53 நாடுகள் ஒப்பமிட்ட ஹவானாச் சாசனம் சுங்கத்தை மட்டும் பேசவில்லை. எல்லார்க்கும் வேலை, பின்தங்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி, விளைபொருள் விலையின் நிலைபேறு, பெரு முதலாளிகள் கூடி விலையேற்றும் தீமை ஆகிய அனைத்தையும் அது தொட்டது. அத்துணை அகன்ற நோக்குடைய வாணிகச் சாசனம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது எம் கருத்து.

அச்சாசனம் பிறந்தவுடனே மாண்டது. அமெரிக்கச் சட்டசபை அதனை ஏற்க விரும்பவில்லை. 1950ஆம் ஆண்டு டிசம்பரில் தலைவர் ட்ரூமனின் அரசு அதனைச் சபைமுன் வைக்கும் முயற்சியைக் கைவிட்டது. நிபந்தனையின்றி அதனை முறைப்படி ஏற்ற நாடு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா ஒன்றே.

எஞ்சியது யாது? ஹவானாவிற்கு முன்னரே, 1947 அக்டோபர் 30ஆம் நாள், ஜெனிவாவில் 23 நாடுகள் சுங்கக் குறைப்பைப் பற்றி ஒரு பொது உடன்படிக்கை செய்திருந்தன. ஆங்கில முதலெழுத்துக்களால் 'காட்' என வழங்கியது இதுவே. விடுதலை பெற்றுச் சில வாரங்களே கடந்திருந்த இந்தியாவும் பாகிஸ்தானும், விடுதலை வாயிலில் நின்ற பர்மாவும் இலங்கையும் அவ்விருபத்து மூன்றனுள் அடங்கும். பெருநிறுவனம் எழும்வரை தற்காலிகமாக நிற்கவேண்டிய இவ்வுடன்படிக்கை, அந்நிறுவனம் எழாமையால், 'தற்காலிகம்' என்னும் பெயரோடே 1948 முதல் நாற்பத்தேழு ஆண்டுகள் உலக வாணிகத்தை ஆண்டது. திருமணத்திற்கிட்ட பந்தலிலேயே குடும்பம் பேரன் பேத்தி எடுத்ததை ஒக்கும் இது.

அதன் முதல் நெறி எளியது. ஒரு நாட்டுப் பொருளுக்குக் காட்டிய சலுகையை உறுப்பு நாடுகள் அனைத்தின் பொருளுக்கும் காட்டல் வேண்டும். இரண்டாம் நெறி, பொருள் எல்லை கடந்து சுங்கமும் செலுத்திய பின் அதனை உள்நாட்டுப் பொருளோடு ஒப்ப நடத்தல் வேண்டும் என்பது. மூன்றாவது, தடை வேண்டுமாயின் சுங்கமாக வைக்கலாமேயன்றி, 'இத்துணைதான் வரலாம்' என அளவு கட்டுதல் பொதுவாகக் கூடாது என்பது.

இம்மூன்றாம் நெறி முதலிற் பிளந்தது எவ்விடத்தில் என்று வினவின், துணியில் என்க. 1955ஆம் ஆண்டில் ஜப்பான் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. அந்நாட்டுப் பருத்தித் துணி மலிவாய்ப் பரவக் கண்ட அமெரிக்கா, ஜப்பானே 'தானாக விரும்பி' ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளும்படி 1957ஆம் ஆண்டில் செய்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் முதலாளிகள் ஹாங்காங், இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றோடு அவ்வாறே ஏற்பாடு செய்துகொண்டனர். 1961ஆம் ஆண்டில் பருத்தித் துணிக்கெனக் குறுகிய கால ஏற்பாடு ஒன்றும், 1962 அக்டோபரில் நெடுங்கால ஏற்பாடு ஒன்றும் வந்தன. செயற்கை நூலும் கம்பளியும் சேர்க்கப்பட்டு, 1974 சனவரி முதல் நாள் பல்லிழை ஏற்பாடு என்னும் பெருந்தளை பூட்டப்பட்டது. சட்டை எத்தனை, விரிப்பு எத்தனை, பின்னலாடை எத்தனை என்று நாடுதோறும் வகைதோறும் 'கோட்டா' வரையப்பட்டது. நம் ஏற்றுமதியாளர் நாவில் கோட்டா என்னும் சொல் நூல், சாயம் என்னும் சொற்களோடு ஒன்றாய் வழங்கிய காலம் அது. நெய்யத் தெரிந்தவனைக் காட்டிலும் கோட்டா கைவரப்பெற்றவனே பெரியவனாய் இருந்தான்.

அவ்வேற்பாட்டின் பன்னிரண்டாம் உறுப்பில் நம் மரபினர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. குடிசைத் தொழிலாக நெய்யப்படும் கைத்தறித் துணிகளும், அத்துணியாற் கையாலேயே செய்யப்படும் பொருள்களும் அவ்வேற்பாட்டுக்குட்படா என அது விலக்களித்தது. சான்றிதழ் காட்டின் கைத்தறித் துணி கோட்டாவின்றிச் செல்லலாம். 1896ஆம் ஆண்டு வரியிலிருந்து தப்பிய கைத்தறி, எண்பது ஆண்டுகட்குப் பின் உலகத் தளையினின்றும் தப்பியது. இதில் ஒரு முரண் உண்டு. கைத்தறிக்கு இரங்கியவர் அதனால் தமக்கு ஊறில்லை என்பதறிந்தே இரங்கினர் என யாம் ஐயுறுகின்றோம்.

கோட்டாவினால் வேறொரு விந்தையும் விளைந்தது. தம் அளவு நிறைந்துவிட்ட கொரிய வணிகர், அளவு கட்டப்படாத நாடுகளைத் தேடினர். 1979ஆம் ஆண்டளவில் தேவூ என்னும் கொரிய நிறுவனத்தோடு கூடி வங்கதேசத்தின் தேஷ் நிறுவனம் தொழிலாளர் 130 பேரைக் கொரியாவிற் பழக்கியது. இன்று வங்கதேசம் ஆடை ஏற்றுமதியில் அடைந்துள்ள பெருநிலைக்கு வித்து அதுவே. தடுக்க எழுப்பிய சுவர் வேறோர் இடத்தில் வாயிலாயிற்று.

காட் உடன்படிக்கையிலும் வழக்குத் தீர்க்கும் முறை ஒன்று இருந்தது. ஆனால் நடுவர் தீர்ப்பை அவை ஏற்றாலன்றி அது நிறைவேறாது. அவையில் ஒரு நாடு மறுப்பினும் தீர்ப்பு நில்லாது. அந்த ஒரு நாடு தோற்ற நாடாகவே இருக்கலாம். தோற்றவன் சம்மதித்தாலன்றித் தோல்வி இல்லை என்னும் இம்முறையை மாணாக்கர்க்குச் சொன்னால், அவர்கள் விளையாட்டிலும் இதனைக் கைக்கொள்வர் என அஞ்சி யாம் வகுப்பிற் சொல்வதில்லை.

1986ஆம் ஆண்டில் உருகுவே நாட்டில் தொடங்கிய பேச்சு எட்டாண்டுகள் நீண்டு, 1994 ஏப்ரல் 15ஆம் நாள் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் முடிவுற்றது. 1995 சனவரி முதல் நாள் ஜெனிவாவில் உலக வாணிக நிறுவனம் பிறந்தது. அன்று இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. துணிக்கோட்டா பத்தாண்டுகளில் ஒழியும் என்பது ஒன்று. முதற்கண் 16 விழுக்காடு, 1998இல் 17, 2002இல் 18, எஞ்சிய 49 விழுக்காடு 2005 சனவரி முதல் நாள் என வகுத்தனர். எப்பொருளை எப்போது விடுவிப்பதென்பது வாங்கும் நாட்டின் விருப்பம். ஆதலின், முன்னரே தடையில்லாத பொருள்களையே பெரும்பாலும் முதலில் 'விடுவித்துக்' காட்டினர். கடன் கொடுத்தவனுக்குச் செல்லாக் காசுகளை முதலில் எண்ணிக் கொடுப்பது போன்றது இது.

மற்றொரு மாற்றமே பெரிது. தீர்ப்பை ஏற்க அனைவரும் ஒப்பவேண்டும் என்பது தலைகீழாகி, தீர்ப்பைத் தள்ள அனைவரும் ஒப்பவேண்டும் என்றாயிற்று. வென்ற நாடு தன் வெற்றியைத் தள்ள ஒப்புமோ? எனவே ஒவ்வொரு தீர்ப்பும் நிலைபெற்றது. அத்தீர்ப்பை ஆராய எழுவர் கொண்ட மேன்முறையீட்டு மன்று ஒன்றும் அமைந்தது. ஒவ்வொருவர்க்கும் பதவி நான்காண்டு. ஒவ்வொரு வழக்கையும் மூவர் கேட்பர். நம் நாட்டினராகிய ஏ. வி. கணேசன், உஜல் சிங் பாட்டியா ஆகியோர் அம்மன்றில் அமர்ந்தவர்கள்.

மன்று திறந்த சின்னாட்களிலேயே துணி வழக்குகள் வந்தன. 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே படையை ஒழித்த கோஸ்டாரிக்கா என்னும் சிறுநாடு, தன் உள்ளாடைகளுக்கு அமெரிக்கா அளவு கட்டியதை எதிர்த்து வழக்கிட்டு, 1997 பெப்ருவரியில் வென்றது. அதே ஆண்டு, கம்பளிச் சட்டைகளைப் பற்றி இந்தியா தொடுத்த வழக்கிலும் அமெரிக்காவின் செயல் தவறெனத் தீர்ந்தது. தீர்ப்பு வெளிவருமுன்னரே அந்நாடு தன் தடையை நீக்கிக்கொண்டது. துணி நெய்த நாடு, துணி வாங்கும் வல்லரசை மன்றில் நிறுத்தி விடை கேட்ட காலம் வந்துவிட்டதென உலகம் வியந்தது. இந்தியாவும் தோற்றதுண்டு. அயற்பொருள் வரவுக்கு நாம் வைத்திருந்த அளவுத் தடைகள் செல்லா என 1999ஆம் ஆண்டில் தீர்ந்தமையால், எஞ்சிய 715 பொருள்களின் தடையை 2001 ஏப்ரல் முதல் நாள் நாம் நீக்கினோம்.

இனித் தலைப்பிற் கூறிய படுக்கை விரிப்பின் வழக்கிற்கு வருவோம். ஒரு நாட்டான் தன் ஊரில் விற்கும் விலையினும் குறைத்து அயல்நாட்டில் பொருளைக் கொட்டினால், அவ்வயல்நாடு குறைந்த அளவிற்கு ஈடான வரி விதிக்கலாம் என்பது நெறி. 1997ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பு, இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆகிய நாடுகளின் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு அத்தகைய வரி வைத்தது. கரூர் போன்ற ஊர்களில் தறியோட்டுவோர்க்கு இது வயிற்றிலடித்த செய்தி. 1998ஆம் ஆண்டில் இந்தியா வழக்கிட்டது.

அவர்கள் வரி கணக்கிட்ட வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவன் இருவகை விரிப்பு நெய்கின்றான்; இரண்டும் உள்ளூரில் நூறு ரூபாய் விற்பன எனக் கொள்வோம். ஐரோப்பாவில் ஒன்றைத் தொண்ணூறுக்கும், மற்றதை நூற்றுப்பத்துக்கும் விற்கின்றான். ஒன்றில் பத்துக் குறைவு. மற்றதில் பத்து மிகுதி. இரண்டையுங் கூட்டினால் குறைவும் இல்லை, மிகுதியும் இல்லை. ஐரோப்பியக் கணக்கரோ குறைந்த பத்தை ஏட்டில் எழுதி, மிகுந்த பத்தைச் சுழியாக்கினர். ஆகவே அவன் பத்து ரூபாய் குறைத்து விற்றான் என்று முடிந்தது. நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் இங்ஙனம் கூட்டினால், கணக்கைத் திரும்பப் போடச் சொல்வோம்.

2001ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் மேன்முறையீட்டு மன்று அதனையே சொல்லிற்று. மிகுதியைச் சுழியாக்குதல் உடன்படிக்கைக்கு மாறானது என்பது தீர்ப்பு. அவ்வழக்கில் மூன்றாந் தரப்பாக நின்று கேட்ட நாடுகளுள் ஐக்கிய அமெரிக்காவும் ஒன்று. அந்நாடும் அச்சுழிக் கணக்கையே வழங்கி வந்தது. படுக்கை விரிப்பில் எழுந்த தீர்ப்பு தம் இரும்பையும் மரத்தையும் தொடும் என்பதை அந்நாட்டார் உணர்ந்தே இருப்பர்.

அவ்வாறே ஆயிற்று. 2004ஆம் ஆண்டில் கனடா மரத்தைப் பற்றியும், 2006ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பும், 2007ஆம் ஆண்டில் ஜப்பானும், 2008ஆம் ஆண்டில் மெக்ஸிகோவும் அமெரிக்காவின் சுழிக்கணக்கைத் தோற்கடித்தன. இந்தியாவிடம் தோற்ற ஐரோப்பாவே அத்தோல்வியின் பாடத்தைக் கைக்கொண்டு அமெரிக்காவை வென்றமை காண்க. சினமுற்ற அமெரிக்கா, 'உடன்படிக்கையில் இல்லாத கடமையை நடுவர் எழுதிச் சேர்க்கின்றனர். தொண்ணூறு நாளுக்குள் தீர்க்கவேண்டிய வழக்கை நெடிது நீட்டுகின்றனர்' என முறையிட்டது. காலம் நீண்டது மெய்யே. ஓருடன்படிக்கைச் சொல்லுக்கு ஏற்கத்தக்க பொருள் பலவாயின், வரி விதித்த நாடு கொண்ட பொருளையே ஏற்க என ஒரு விதியிருப்பதும் மெய்யே. உரையாசிரியர் பலர் பலவாறு பொருள் கூறுதலைப் பழகிய எமக்கு, இவ்வாதம் முற்றும் பொய்யெனத் தள்ளத் தோன்றவில்லை. ஆனால் சுழிக்கணக்கு நேர்மையானதென எத்தகைய உரையாலும் எமக்கு விளங்கவில்லை.

இங்கேதான் மன்றின் அடித்தளத்திலிருந்த விரிசல் வெளிப்பட்டது. தீர்ப்பைத் தள்ள அனைவரும் ஒப்பவேண்டும் என மாற்றியவர்கள், நடுவரை அமர்த்த அனைவரும் ஒப்பவேண்டும் என்னும் பழைய விதியை மாற்றாது விட்டனர். தீர்ப்பைத் தடுக்க இயலாத வல்லரசு, தீர்ப்பளிப்போரைத் தடுக்கலாயிற்று. 2016ஆம் ஆண்டில் கொரிய நடுவர் ஒருவர்க்கு இரண்டாம் முறை பதவி அளிக்க அமெரிக்கா மறுத்தது. 2017 முதல் எவரையும் அமர்த்த ஒப்பவில்லை. ஒருவர்பின் ஒருவராகப் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் 10ஆம் நாளுக்குப் பின் எஞ்சியவர் ஒருவரே; வழக்குக் கேட்கவோ மூவர் வேண்டும். 2020 நவம்பர் 30ஆம் நாள் அவ்வொருவரும் விடைபெற்றார். ஏழு இருக்கையும் வெறுமையாயின. இதனைச் செய்தது அந்நாட்டின் ஒரு கட்சியன்று. ஒபாமா காலத்தில் தொடங்கி, டிரம்பு காலத்தில் முற்றி, பைடன் காலத்திலும் நீடித்தது.

இம்மன்று மூடியதன் பயனை வல்லரசு மட்டும் நுகரவில்லை என்பதையும் மறைத்தல் முறையன்று. கீழ் நடுவர் குழுவில் தோற்ற நாடு மேன்மன்றுக்கு முறையிட்டால், அங்கே கேட்பாரின்மையால் தீர்ப்பு நடுவானில் தொங்கும். சர்க்கரைக்கு இந்தியா அளிக்கும் உதவி தவறென 2021 டிசம்பரில் குழு தீர்த்தபோது, நம் நாடும் அவ்வெறும் மன்றுக்கே முறையிட்டது. கரும்பு உழவர் பொருட்டு அது செய்யத்தக்கதே என்பார் உளர். ஆயினும் படுக்கை விரிப்புக்கு மன்றை நாடிய நாம், சர்க்கரைக்கு மன்றின் வெறுமையை நாடினோம் என்பது வரலாறு.

2020ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பு, சீனா முதலிய நாடுகள் தமக்குள் இடைக்கால ஏற்பாடாக நடுவர் குழு ஒன்றை அமைத்துக்கொண்டன. பின்னர் ஜப்பானும் சேர்ந்தது. மீண்டும் 'இடைக்காலம்' என்னும் சொல்லைக் காண்கின்றோம். பழைய மன்றே திரும்ப வேண்டும் என வாதிக்கும் இந்தியா அதில் சேரவில்லை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த கூடுதற் சுங்கம் 50 விழுக்காடாயிற்று. திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதி நம்பியிருந்தோர் உறக்கமிழந்தனர். திண்ணையில் வினவிய பெரியவரின் பேரனும் அவருள் ஒருவன். பின்னலாடைக் கூடமொன்றில் தையற்பொறி இயக்குபவன். அவ்வினா எங்கிருந்து பிறந்தது என்பது எமக்குப் பிறகே தெரிந்தது. இக்கட்டுரையின் படியை அவரிடம் கொடுக்கச் சென்றபொழுது, அவர் படுக்கை விரிப்பின் கணக்கை மட்டும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, "அந்தப் பத்து ரூபாயை அவன் எந்தக் கணக்கில் விட்டான்?" என்றார்.